45 வெற்றி, 24 தோல்வி என்றிருந்த மெட்ஸ் வெளியேறியது ஏன்? சீரற்ற அணியின் பிளேஆஃப் வாய்ப்பைக் கணிப்பது எப்படி?

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. 2025 ஜூன் நடுவில், வட அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்த நியூயார்க் மெட்ஸ், செப்டம்பர் இறுதியில், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குக்கூடத் தகுதி பெறாமல் நின்றது எப்படி என்பது முதல் கேள்வி. ஒரு வாரம் எல்லா ஆட்டங்களையும் வென்று மறுவாரம் எல்லாவற்றையும் தோற்கும் அணிக்கு வாய்ப்பு இருக்கிறதா என்பதை எதை வைத்து எடைபோடுவது என்பது இரண்டாவது. இந்த அணிக்கு நெஞ்சுரமே கிடையாதோ என்ற ஐயம் மூன்றாவது. கடைசியாகச் சொன்னதை நீங்கள் கேள்வியாக எழுதவில்லை, குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அதற்கும் பதில் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர் தோல்விகளில் இரண்டு வகை உண்டு. 162 ஆட்டங்கள் ஆடும் எந்த அணிக்கும் தற்செயலாகவே வந்து போகும் சரிவு ஒரு வகை. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து வீசும் தொடக்கப் பிட்சர்கள், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸை எட்டவே முடியாமல் போவதால் வரும் சரிவு இன்னொரு வகை. அது தானாகச் சரியாகாது. 2025 மெட்ஸுக்கு வந்தது இரண்டாவது வகை. அதைக் கணிக்க செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதும் இருக்கவில்லை, ஜூலையிலேயே அறிகுறிகள் தெரிந்தன.

முதலில் தற்செயலைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனெனில் ரசிகர்களின் கவலையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் பிறக்கிறது. பேஸ்பாலில் மிகச் சிறந்த அணிகூடப் பத்தில் நான்கு ஆட்டங்களைத் தோற்கிறது. மோசமான அணியும் பத்தில் மூன்றையோ நான்கையோ வென்றுவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்வதற்கு 52 அல்லது 53 சதவீத வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் முழுவதும் அதன் திறமை துளியும் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது சராசரியாக 85 ஆட்டங்களை வெல்லுமே தவிர, உண்மையில் 79 வென்று முடிப்பதோ 91 வென்று முடிப்பதோ வியப்புக்குரியதல்ல. நாணயத்தைச் சுண்டுவது போன்ற எளிய நிகழ்தகவுக் கணக்கே ஆறு வெற்றிகள் வரையிலான ஏற்ற இறக்கத்தை இயல்பானது என்கிறது. அதே கணக்கின்படி, அப்படிப்பட்ட அணி சீசனில் ஒரு முறையாவது தொடர்ந்து ஐந்து ஆட்டங்களைத் தோற்பதற்குப் பத்தில் எட்டுக்கும் மேலான வாய்ப்பு இருக்கிறது. எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்பதற்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஐந்து ஆட்டத் தோல்வியைப் பார்த்து மேலாளரை நீக்கக் கோருவது, பருவமழையில் இரண்டு நாள் வெயிலடித்ததும் பஞ்சம் வந்துவிட்டது என்பதைப் போன்றது.

ஆனால் இதே கணக்குதான் மெட்ஸ் விஷயத்தில் எச்சரிக்கை மணியையும் அடிக்கிறது. அந்த அணி ஜூன் நடுவில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களைத் தோற்றது, ஆகஸ்ட் தொடக்கத்தில் மீண்டும் ஏழு, செப்டம்பரில் எட்டு. ஏழோ அதற்கு மேலோ கொண்ட தோல்வித் தொடர் ஒரே சீசனில் மூன்று முறை வருவது, நான் மேலே சொன்ன 85 வெற்றி அணிக்கு நூறில் ஒரு முறை நேரக்கூடிய அளவுக்கு அரிது. அதாவது, அந்தச் சரிவுகளின்போது களத்தில் இருந்தது 85 வெற்றி அணியே அல்ல. ஜூன் 12 வரை 45 வெற்றி, 24 தோல்வி; அதன் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. முதல் பகுதியின் வேகம் 162 ஆட்டங்களுக்கு நீடித்திருந்தால் ஏறக்குறைய 106 வெற்றிகள் வந்திருக்கும். இரண்டாம் பகுதியின் வேகத்தில் வெறும் 66. ஒரே சட்டை அணிந்த இரண்டு அணிகள் என்றே சொல்லலாம்.

இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போல ஒரு நாள் இருக்கிறது. ஜூன் 12 அன்று மெட்ஸின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில், மெட்ஸின் தொடக்கப் பிட்சர் கோடாய் செங்கா, எதிரணி பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸைக் காக்க ஓடினார். சக வீரர் பீட் அலோன்சோ எறிந்த பந்து சற்று உயரமாக வந்தது. செங்கா எம்பிக் குதித்து அதைப் பிடித்து, காலை நீட்டிப் பேஸைத் தொட்டார். அப்படியே தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அன்றைக்கு அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது ஃபீல்டிங் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்கள், 1.47. மெட்ஸ் அந்த ஆட்டத்தையும் வென்றது. மறுநாள் தொடங்கிய ஆட்டத்திலிருந்து ஏழு தோல்விகள்.

ஒரு பிட்சர் காயப்பட்டதால் ஓர் அணி கவிழ்ந்துவிடாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், ஒருவர் மட்டும் என்றால் கவிழ்ந்திருக்காது. ஷான் மனாயா, ஃபிராங்கி மோண்டாஸ் இருவரும் சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சியின்போதே காயம்பட்டு, சீசனின் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். ஜூனிலேயே டைலர் மெகில் முழங்கைக் காயத்தால் வெளியேறினார். அதே மாத இறுதியில் கிரிஃபின் கேனிங்குக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. கிளே ஹோம்ஸ் பல ஆண்டுகள், ஆட்டத்தின் இடையில் இறங்கி வீசும் ரிலீஃப் பிட்சராக இருந்து அந்த ஆண்டுதான் தொடக்கப் பிட்சராக மாற்றப்பட்டவர். கோடை வெயில் ஏற ஏற அவருடைய இன்னிங்ஸ் குறைந்துகொண்டே வந்தன. திரும்பி வந்த செங்கா பழைய செங்காவாக இல்லை; செப்டம்பரில் அவரே ஒப்புக்கொண்டு, கீழ்நிலைப் போட்டிகளான சிறிய லீக்கிற்கு இறங்கிப் போனார். டேவிட் பீட்டர்சன் ஒருவரைத் தவிர வேறு எந்தத் தொடக்கப் பிட்சரும் வாரக்கணக்கில் ஆறு இன்னிங்ஸை முடிக்கவில்லை. இறுதியில் அந்தப் பீட்டர்சனும் களைத்துப்போனார்.

இங்கே நான் சற்று நின்று விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிதைவு கண்ணில் படுவதில்லை. தொடக்கப் பிட்சர் நான்கு இன்னிங்ஸோடு நின்றுவிட்டால், மிச்சமுள்ள ஐந்து இன்னிங்ஸை யாராவது வீச வேண்டும். முதல் நாள் அதை நல்ல ரிலீஃப் பிட்சர்கள் வீசிவிடுவார்கள். அணி வெல்லக்கூடச் செய்யும். இரண்டாம் நாளும் அதே நிலை என்றால், முந்தைய நாள் வீசிய கையே மறுபடி வீச வேண்டியிருக்கும், அல்லது அடுத்த தரத்தில் உள்ளவர் வர வேண்டியிருக்கும். நான்காம் நாளுக்குள் புல்பென்னில், அதாவது ரிலீஃப் பிட்சர்கள் அணியில், புத்துணர்ச்சியோடு இருப்பவர் யாருமில்லாமல் போக, சிறிய லீக்கிலிருந்து ஒருவரை வரவழைத்து, அவர் மூன்று இன்னிங்ஸ் வீசியதும் மறுநாளே திருப்பி அனுப்பி, இன்னொருவரை அழைப்பார்கள். 2025-ல் மெட்ஸ் இப்படி மொத்தம் 46 பேரைப் பந்து வீச வைத்தது. மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை பேரைப் பயன்படுத்தியதில்லை. மற்ற அணிகளிடமிருந்து வீரர்களைப் பெறுவதற்கான வர்த்தகக் கெடு முடியும் நேரத்தில் ரயன் ஹெல்ஸ்லி, டைலர் ரோஜர்ஸ், கிரெகரி சோட்டோ என்று மூன்று ரிலீஃப் பிட்சர்களை வாங்கினார்கள், தொடக்கப் பிட்சர் ஒருவரையும் வாங்கவில்லை. ஓட்டை தொட்டியின் அடியில் இருக்க, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதே என் கருத்து. வந்தவர்களில் பெரிய பெயரான ஹெல்ஸ்லி வேறு கடுமையாக அடிவாங்கினார்.

பேட்டிங்கைக் குறை சொல்ல இடமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் குறைவு. ஹுவான் சோட்டோ 43 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றவை) அடித்து 38 பேஸ்களைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அலோன்சோ 38 ஹோம் ரன்கள். பிரான்சிஸ்கோ லிண்டோர் 31 ஹோம் ரன்களும் 31 திருட்டுகளும். 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்று சோட்டோவுக்குக் கொடுத்ததைக் கேலி செய்தவர்கள் சீசன் முடிவில் வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று. இருந்தும் ஒரு வினோதமான குறை இருந்தது: எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட மெட்ஸ் அந்த ஆண்டு வெல்லவில்லை. இதைக் குணக்குறையாக வாசிப்பவர்கள் பலர். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பார்க்க வேண்டிய முதல் எண், வெற்றி தோல்வி அல்ல, அணி எடுத்த ரன்களுக்கும் விட்டுக்கொடுத்த ரன்களுக்கும் இடையிலான வித்தியாசம். பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 2025 மெட்ஸ், விட்டுக்கொடுத்ததைவிட 51 ரன்கள் கூடுதலாக எடுத்திருந்தது. அந்தக் கணக்குப்படி அது 86 ஆட்டங்களாவது வென்றிருக்க வேண்டும், வென்றது 83. ஆகவே அதிர்ஷ்டமும் சற்று முகம் திருப்பிக்கொண்டது உண்மை. ஆனால் ஜூன் நடுவில் 106 வெற்றிகளை நோக்கிப் போன அணியின் உண்மையான தரம் 86 அளவுக்கு இறங்கியிருந்தது என்பதையும் அதே எண் சொல்கிறது. உங்கள் அணி வென்றுகொண்டே இருந்தாலும் ரன் வித்தியாசம் வாரந்தோறும் தேய்கிறது என்றால் கவலைப்படுங்கள். தோற்றுக்கொண்டிருந்தாலும் வித்தியாசம் நிலையாக இருந்தால் பொறுத்திருங்கள்.

இரண்டாவதாக, எத்தனை வெற்றிகள் தேவைப்படும் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். மேஜர் லீக் பேஸ்பால், நேஷனல் லீக் (மெட்ஸ் இதில்தான்), அமெரிக்கன் லீக் என இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு லீக்கிலும் மூன்று டிவிஷன்களாக 15 அணிகள். 2022 முதல் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன, மூன்று டிவிஷன் வெற்றியாளர்களும், மற்றவற்றுள் சிறந்த மூன்று 'வைல்ட் கார்டு' அணிகளும். கடைசி வைல்ட் கார்டு இடத்தைப் பிடிக்க எத்தனை வெற்றிகள் வேண்டியிருந்தன என்று பார்த்தால், நேஷனல் லீக்கில் 2022-ல் 87, 2023-ல் 84, 2024-ல் 89, 2025-ல் 83. அமெரிக்கன் லீக்கில் அதே நான்கு ஆண்டுகளில் 86, 89, 86, 87. 2024-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 89 வென்றும் வெளியே நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு அதே அணி 84 வெற்றிகளோடு நுழைந்து, இறுதிக் கட்டமான உலகத் தொடர் வரை போனது. 1993-ல், வைல்ட் கார்டு என்பதே இல்லாத காலத்தில், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 103 ஆட்டங்களை வென்றும் வீட்டுக்குப் போனது. இன்றைய ரசிகர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இப்போது 86 வெற்றிகளை எட்டும் அணிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 86 என்பது சீரான அணியின் எண்ணிக்கை அல்ல. மாதம் ஒருமுறை மனதை உடைக்கும் அணியின் எண்ணிக்கைதான்.

மூன்றாவது, பலரும் கடைசி வாரத்தில்தான் எட்டிப் பார்க்கும் விஷயம்: நேருக்கு நேர் கணக்கு. ஐ.பி.எல்.லில் புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட் இடத்தைத் தீர்மானிப்பது நமக்குப் பழக்கம். பேஸ்பாலில் அப்படி இல்லை. முன்பெல்லாம் சமநிலை வந்தால் 163-வது ஆட்டம் ஒன்றை வைத்துத் தீர்ப்பார்கள். 2022-ல் அதை நீக்கிவிட்டு, அந்த இரு அணிகளும் சீசனில் ஒன்றுக்கொன்று எதிராக ஆடியதில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 2025-ல் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக முடித்தன. ரன் வித்தியாசத்தில் மெட்ஸே மேல். ஆனால் ஜூலையில் சிட்டி ஃபீல்டில் நடந்த மூன்று ஆட்டங்களில் இரண்டையும், செப்டம்பர் முதல் வாரத்தில் சின்சினாட்டியில் நடந்த மூன்றில் இரண்டையும் ரெட்ஸ் வென்றிருந்தது. 4-2 என்ற அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. ஜூலையில் சிட்டி ஃபீல்ட் ஆட்டங்கள் நடந்தபோது ரெட்ஸை யாரும் போட்டியாளராகவே கருதவில்லை, எல்லோர் கண்ணும் அதே டிவிஷனில் இருக்கும் பிலடெல்பியா ஃபில்லீஸ் மீது இருந்தது. அந்த ஃபில்லீஸையும் ஆகஸ்ட் இறுதியில் மெட்ஸ் சொந்த மைதானத்தில் மூன்றுக்கு மூன்று வென்றது. பன்னிரண்டு நாள் கழித்து பிலடெல்பியாவில் நான்குக்கு நான்கு தோற்றது. ஒரு வாரம் வென்று மறுவாரம் தோற்கும் தலைவலிக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

டிவிஷன் போட்டியில் பார்க்க வேண்டியது 'மேஜிக் நம்பர்'. முதலிடத்து அணியின் வெற்றிகளையும் துரத்தும் அணியின் தோல்விகளையும் கூட்டி 163-லிருந்து கழித்தால் கிடைப்பது அது. 80 வெற்றி பெற்ற அணியை 70 தோல்வி கண்ட அணி துரத்துகிறது என்றால் எண் 13. இவர்கள் வெல்வதும் அவர்கள் தோற்பதும் சேர்ந்து பதின்மூன்று முறை நடந்தால் இடம் உறுதி. நேருக்கு நேர் கணக்கில் முன்னணி கையில் இருந்தால் அதிலும் ஒன்று குறையும். நாளிதழில் வரும் 'எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது' என்ற பத்தியைவிட, தோல்விப் பத்தியைத் தனியாகப் பார்ப்பதே மேல். இன்னும் ஆடாத ஆட்டத்தை வென்று ஈடுகட்டலாம், தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பெற முடியாது.

நிகழ்தகவு சதவீதங்களைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். ஜூன் நடுவில் மெட்ஸுக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று காட்டிய கணக்குகள் பொய்யானவை என்கிறீர்கள். நான் உடன்படமாட்டேன். அந்தக் கணக்குகள், அன்றைக்கு அணியில் இருக்கும் வீரர்களின் மதிப்பிட்ட திறமையையும் மிச்சமுள்ள ஆட்ட அட்டவணையையும் வைத்து, சீசனின் எஞ்சிய பகுதியைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பார்ப்பவை. செங்கா நாளைக்குக் காயப்படுவார் என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. 95 சதவீதம் என்றால் இருபது அணிகளில் ஒன்று தவறும் என்று பொருள், அந்த ஒன்று எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 10 அளவில் டெட்ராய்ட் டைகர்ஸின் வாய்ப்பு 0.2 சதவீதம். வர்த்தகக் கெடுவில் வீரர்களை விற்றுக் கைகழுவிய அணி அது. அதன்பின் 31 வெற்றி, 13 தோல்வி என்று ஆடி, 86 வெற்றிகளோடு உள்ளே நுழைந்து, ஹூஸ்டனை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது.

அதே டைகர்ஸ் 2025-ல் நேர்மாறான பாடத்தையும் கொடுத்தது. ஜூலைத் தொடக்கத்தில் கிளீவ்லாந்து கார்டியன்ஸைவிடப் பதினைந்தரை ஆட்டங்கள் முன்னே இருந்தது. பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று அப்போதுதான் எழுந்திருந்த கார்டியன்ஸ், அந்த இடைவெளியை முழுவதுமாக அழித்து டிவிஷனை வென்றது. டிவிஷன் வரலாற்றில் இவ்வளவு பெரிய பின்தங்கலை எந்த அணியும் ஈடுகட்டியதில்லை. ஆனால் டைகர்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. 87 வெற்றிகளோடு ஹூஸ்டனுடன் சமமாகி, நேருக்கு நேர் கணக்கால் கடைசி வைல்ட் கார்டைப் பிடித்து, அடுத்த வாரமே கிளீவ்லாந்தில் வைத்து அதே கார்டியன்ஸை வெளியேற்றியது. செப்டம்பரில் அவ்வளவு மோசமாக ஆடிய அணி பிளேஆஃபில் என்ன கிழிக்கப்போகிறது என்று கேட்டவர்களுக்கு அங்கே பதில் கிடைத்தது. ஏப்ரலில் வாங்கிய வெற்றிக்கும் செப்டம்பரில் வாங்கிய வெற்றிக்கும் எடை ஒன்றுதான். மெட்ஸுக்கும் டைகர்ஸுக்கும் இடையிலான வேறுபாடு, முன்னதன் சரிவு மூன்றரை மாதம் நீடித்தது என்பது மட்டுமே.

இப்போது நெஞ்சுரத்துக்கு வருவோம். செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள், மயாமி. மெட்ஸ் வென்று, ரெட்ஸ் தோற்றால் மெட்ஸ் உள்ளே. உள்ளூர் அணியான மார்லின்ஸ் நான்காவது இன்னிங்ஸில் நான்கு ரன்கள் எடுத்தது. ஐந்தாவதில் மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்க, அலோன்சோ மட்டையை வீசினார். பந்து மணிக்கு 116 மைல் வேகத்தில் இடப்பக்கம் பறந்து, நேராக அங்கு நின்ற ஃபீல்டரின் கையுறைக்குள் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் 4-0. அதே மாலையில் மில்வாக்கியில் ரெட்ஸும் தோற்றது என்பதுதான் வேதனை. ஒரே ஒரு வெற்றி போதுமாக இருந்தது. அந்தப் பந்து சில அடிகள் விலகிப் போயிருந்தால் மூன்று ரன்கள் வந்திருக்கலாம், நாம் இன்று அலோன்சோவின் துணிச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவ்வளவு வேகமாக அடிக்கப்பட்ட பந்தில் நான் கோழைத்தனத்தைக் காணவில்லை.

மெட்ஸ் ரசிகர்களுக்கு இதில் பழைய காயமும் உண்டு என்பதை அறிவேன். 2007-ல் பதினேழு ஆட்டங்கள் மீதமிருக்கையில் ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்து, அதைத் தொலைத்து, கடைசி நாளில் மார்லின்ஸிடம் 8-1 என்று தோற்றார்கள். 2008-ல், மெட்ஸின் அப்போதைய மைதானமான ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டத்தில், மறுபடி கடைசி நாள், மறுபடி மார்லின்ஸ், மறுபடி தோல்வி. 2025 மூன்றாவது. இதைச் சாபம் என்று சொல்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளிலும் ஆடிய வீரர்கள் வெவ்வேறு ஆட்கள்.

குணமே காரணம் என்றால், 2024-ஐ எப்படி விளக்குவது? அந்த ஆண்டு முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்று, ஜூன் தொடக்கத்தில் 24 வெற்றி, 35 தோல்வி என்று கிடந்த அணிதான் இது. செப்டம்பர் 30 அன்று, புயலால் தள்ளிப்போன இரட்டை ஆட்டத்துக்காக அட்லாண்டாவில் இறங்கி, முன்னிலை கைமாறிக்கொண்டே இருந்த முதல் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னால் 8-7 என்று வென்று இடம்பிடித்தார்கள். மூன்று நாள் கழித்து மில்வாக்கியில், தோல்விக்கு இரண்டு அவுட் தொலைவில், அலோன்சோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன் அவர்களை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனது. பிறகு ஃபில்லீஸையும் வென்று, டாட்ஜர்ஸுடனான தொடரின் ஆறாவது ஆட்டத்தில்தான் ஓய்ந்தார்கள். அதே லிண்டோர், அதே அலோன்சோ, அதே பிராண்டன் நிமோ, அதே மேலாளர் கார்லோஸ் மெண்டோசா. பன்னிரண்டு மாதத்தில் நால்வருக்கும் நெஞ்சுரம் வற்றிவிட்டது என்பதைவிட, 2024-ன் இரண்டாம் பாதியில் மனாயாவும் லூயிஸ் செவரினோவும் முறைதவறாமல் வந்து ஆறு, ஏழு இன்னிங்ஸ் வீசினார்கள், 2025-ல் அப்படி வீச ஆளில்லை என்பது எனக்கு நம்பத்தகுந்த விளக்கமாகப் படுகிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் திரும்பி வர முடியாமல் போனதற்கும் இதில் பங்கு உண்டு: ஒரு ரன் பின்தங்கியிருக்கும் ஆட்டத்தைக் களைத்துப்போன புல்பென் எட்டாவது இன்னிங்ஸிலேயே நான்கு ரன் பின்தங்கலாக மாற்றிவிடும். அந்தத் தோல்விகளில் எல்லாவற்றையும் இது விளக்காது, ஆனால் கணிசமானவற்றை விளக்கும்.

இதற்கு மறுப்பாக நீங்கள் ஒன்றைச் சுட்டலாம். ஆகஸ்ட் 16 அன்று அறிமுகமான நோலன் மெக்லீன் எட்டு ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஒரு தோல்வி, 2.06 ஈ.ஆர்.ஏ. என்று அற்புதமாக வீசினார். அப்படியும் சரிவு நிற்கவில்லையே? நிற்கவில்லைதான். ஐந்து நாள் சுழற்சியில் ஒருவர் ஒரு நாளை மட்டுமே காப்பாற்ற முடியும். அவரோடு ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் என்று மேலும் இரண்டு புதுமுகங்களைச் செப்டம்பர் போட்டியின் நடுவே இறக்க வேண்டி வந்ததே அந்த அணியின் நிலையைச் சொல்லிவிடுகிறது. பின்னாளில் பாராட்டப்பட வேண்டிய இளைஞர்களை அன்றைக்கே ரட்சகர்களாக எதிர்பார்த்தார்கள்.

ஆகவே அணி ஏறி இறங்கும்போதெல்லாம் நீங்கள் செய்யக்கூடியது இது. தோல்வித் தொடர் எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள். அந்த நாட்களில் தொடக்கப் பிட்சர்கள் எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள் என்று எண்ணுங்கள். பத்து ஆட்டங்களில் ஏழில் அவர்கள் ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் இறங்கிவிட்டால், அந்த வாரம் அணி வென்றிருந்தாலும் கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஜூலை இறுதியையொட்டி வரும் வர்த்தகக் கெடுவுக்குள் நிர்வாகம் ஒரு தொடக்கப் பிட்சரையாவது வாங்குகிறதா என்று பாருங்கள், ஏனெனில் அதற்குப் பிறகு வெளியிலிருந்து தரமான ஆள் கிடைப்பது அரிது. பிட்சர்கள் ஆறு, ஏழு இன்னிங்ஸ் வீசியும் 3-2, 2-1 என்று தோற்கும் வாரமானால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உறங்கப் போங்கள். ஆகஸ்ட் நடுவில், உங்கள் அணிக்கு மேலும் கீழும் மூன்று ஆட்டத் தொலைவுக்குள் இருக்கும் அணிகளுடனான நேருக்கு நேர் கணக்கை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அது சமமாக இருந்தால் அடுத்ததாகப் பார்க்கப்படுவது சொந்த டிவிஷனுக்குள் பெற்ற வெற்றி விகிதம்; டிவிஷன் எதிரிகள் ஒவ்வொருவரோடும் பதின்மூன்று ஆட்டங்கள் இருப்பதால் அதுவும் சிறிய விஷயமல்ல.

உங்கள் குறையில் ஒரு பகுதி இப்போது காலாவதியாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 சீசன் முடிந்த பிறகு நிமோ டெக்ஸாஸுக்கு மாற்றப்பட்டார், அலோன்சோ பால்டிமோரில் கையெழுத்திட்டார், இறுதி இன்னிங்ஸ்களைக் காத்துவந்த எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். குணத்தில் குறை கண்டவர்கள் சுட்டிய முகங்களில் பாதிக்கு மேல் இப்போது வேறு சட்டையில் இருக்கின்றன. புதிய அணியை எடைபோட ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் மாத ஆட்டங்களில், ஆறாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பந்து வீசும் மேட்டில் நிற்பது ஆட்டத்தைத் தொடங்கிய அதே பிட்சர்தானா என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.